இடித்துரைக்கும் நட்பு: இருபதாம் நூற்றாண்டுப் புனைகதையில் கனவும் அங்கதமும்

அங்கதம் தமிழுக்குப் புதியதோர் இலக்கிய நெறியன்று. தொல்காப்பியர் செய்யுளியலில் அதனை இரு கூறாக வகுத்துள்ளார். பழியை வெளிப்படையாக எடுத்துரைப்பது செம்பொருள் அங்கதம். பழியை உள்ளே மறைத்துப் புறத்தே வேறொன்று கூறுவதுபோலக் கூறுவது பழிகரப்பு அங்கதம். முன்னையதற்கு வசை என்ற பெயரும் வழங்கும். பின்னையதற்குச் சான்றாக ஆசிரியர் பலரும் வகுப்பில் எடுத்துக்காட்டுவது, ஒளவையார் தொண்டைமானிடம் தூது சென்ற காலைப் பாடிய புறநானூற்றுச் செய்யுளாகும். தன் படைக்கலக் கொட்டிலைத் தொண்டைமான் பெருமிதத்தோடு காட்டுகின்றான். இவை பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்றுக் காவலுடைய மனையில் அழகாக இருக்கின்றன என்கிறார் ஒளவையார். அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனின் சிறு கொட்டிலிற் கிடக்கின்றன என்று அடுத்துச் சொல்கிறார். கேட்பவன் புகழ் என்று மகிழத் தொடங்கி, முடிவில் நாணித் தலைகுனியும் வண்ணம் அமைந்தது அப்பாட்டு.

இப்பாட்டின் நயத்தை வியக்கும் மாணவர், இதனைப் பாடியவர் யார் என்பதையும் உடன் எண்ணுதல் வேண்டும். அதியமானிடம் நெல்லிக்கனி பெற்றவர் அவர். அவன் மாண்டபோது கையறுநிலை பாடியவரும் அவரே. அவர்தம் அரசியல் அங்கதம், ஒரு நட்பைக் காக்கும் பொருட்டு எழுந்தது. நட்பும் அங்கதமும் ஒரு வேரிற் கிளைக்கும் என்பதற்கு இதனினும் பழைய சான்று நமக்கு வேண்டுவதில்லை.

ஆயினும், ஒளவையார் எய்த அம்பு நண்பனின் பகைவன்மேற் சென்றது. அதனினும் அரியதொரு செயல் உண்டு. நண்பனே நெறி கடக்கும்போது அவனை நோக்கி அவ்வம்பை எய்தல் அது. நட்புச் செய்வது கூடிச் சிரித்தற்கன்று, மிகையான செயல் நிகழும்போது முற்பட்டு இடித்துரைத்தற்கே என்பது வள்ளுவர் கருத்து. இவ்விரண்டாவது வகை அங்கதம் உலகில் எங்கணும் பெருகிய காலம் இருபதாம் நூற்றாண்டாகும். மக்கள் கூட்டங் கூட்டமாகக் கனவு கண்ட நூற்றாண்டு அது. விடுதலை, சமத்துவம், பொதுவுடைமை என்னும் சொற்களின் பெயரால் முன்பின் அறியாதார் தோழராயினர். கனவுகள் பல சிதைந்தன. சிதைவின் நடுவே நின்று சிலர் கதை எழுதினர். நட்பு, சிதைந்த கனவு, அரசியல் அங்கதம் என்னும் மூன்றும் அக்கதைகளில் எவ்வாறு ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன என்பதை, ஈழத்தினதும் தமிழகத்தினதும் ஆக்கங்கள் சிலவற்றைக்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், ஆங்கில இலக்கிய வகுப்புகளில் நம் மாணவர் பலர் கேட்டறிந்த இரு சிறு நாவல்களை நோக்குவாம். ஜோன் ஸ்ரைன்பெக் 1937 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'எலிகளும் மனிதரும்' என்பது ஒன்று. ஜோர்ஜ் ஓர்வெல் 1945 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'விலங்குப் பண்ணை' மற்றொன்று, இதனைக் க. நா. சுப்ரமணியம் தமிழாக்கியுள்ளார். முன்னையதில் ஜோர்ஜ், லெனி என்னும் கூலியாளர் இருவர் தமக்கென ஒரு துண்டு நிலம், சில முயல்கள், எவர்க்கும் அடங்காத வாழ்வு ஆகியவற்றைக் கனவு காண்கின்றனர். பண்ணையில் மூப்பெய்திய கண்டி என்பவரும் தம் சேமிப்போடு அக்கனவிற் பங்கு கொள்கிறார். நிறவேற்றுமையால் தனித்து வைக்கப்பட்ட குறூக்ஸ் என்னும் கறுப்பினத் தொழிலாளியும் ஒரு கணம் அதனை நம்பிவிடுகின்றான். இறுதியில், ஊரார் துரத்தி வரும் நண்பனை, அவர் கையிற் சிக்குமுன் ஜோர்ஜே சுட்டுக் கொல்ல நேர்கின்றது. கண்டியின் கிழநாயைப் பிறனொருவன் சுட்ட அதே துப்பாக்கியால் அது நிகழ்கிறது.

இங்கே நட்பு உண்டு; சிதைந்த கனவும் உண்டு; ஆயின் அங்கதம் இல்லை. அதற்குக் காரணம் யாது? கனவைச் சிதைத்தவர் அக்கனவைக் கண்டோருள் எவருமல்லர். வறுமையும் விதியும் புறவுலகின் கொடுமையும் சேர்ந்து அதனைச் சிதைத்தன. ஆகவே அக்கதை அவலச் சுவையில் முடிகின்றது.

ஓர்வெலின் கதையோ வேறு. பண்ணையாளனைத் துரத்திய விலங்குகள் யாவும் சமம் என்று தொடங்குகின்றன. பின்னர் அவற்றுள் ஒரு கூட்டமான பன்றிகள் பண்ணையாளனின் இடத்திற் சென்று அமர்கின்றன. ஓயாது உழைத்த பொக்ஸர் என்னும் குதிரை நோயுற்றபோது, மருத்துவமனைக்கு அனுப்புவதாகக் கூறி அதனை இறைச்சிக்கு விற்று விடுகின்றனர் தலைவர். அவ்வண்டியில் எழுதியிருந்ததை வாசித்து உண்மையை உரத்துக் கூறியது பெஞ்சமின் என்னும் கழுதை. அது வாசிக்கத் தெரிந்தும் அதுவரை எதையும் வாசித்து உதவாத கழுதை, பொக்ஸரின் நண்பன். இங்கே கனவைச் சிதைத்தவர் கனவின் பங்காளிகளே. அதனாற்றான் அவலம் அங்கதமாகத் திரிந்தது.

ஆசிரியரின் வாழ்க்கையும் இதற்குச் சான்று பகரும். 1936 ஆம் ஆண்டின் இறுதியில் ஓர்வெல் ஸ்பெயினுக்குச் சென்று குடியரசின் பக்கம் நின்று போரிட்டார். 1937 மே மாதத்திற் கழுத்திற் குண்டுபட்டுக் காயமுற்றார். அதனையடுத்து அவர்தம் படைப்பிரிவினர் பகைவரால் அன்றி, ஒரே பக்கத்தில் நின்ற கட்சியினராலேயே துரோகிகள் எனப் பழி சுமத்தப்பட்டுச் சிறைப்பட்டனர். தோழர் பொப் ஸ்மைலி வலென்சியாச் சிறையில் இறந்தார். தளபதி ஜோர்ஜ் கொப்பைத் தம் உயிருக்கு அஞ்சாது ஓர்வெல் சிறைக்குட் சென்று பார்த்தார். இவ்வனுபவத்தையே 1938 ஆம் ஆண்டில் கற்றலோனியாவைப் பற்றிய நூலாக அவர் எழுதினார். 'விலங்குப் பண்ணை'யின் நகைப்புக்கு அடியில் இருப்பது அச்சிறைவாயிலின் துயரமேயாம்.

எனவே ஒரு விதியை நாம் வகுத்துக்கொள்ளலாம். பொதுக் கனவைப் புறத்தார் சிதைப்பின் அவலம் பிறக்கும். அகத்தார் சிதைப்பின் அங்கதம் பிறக்கும். அங்கதம் பாடுவோன் தானும் அக்கனவிற் பங்கு கொண்டவனாயின் அவன் நகைப்பு இடித்துரையாகும். பங்கு கொள்ளாதவனாயின் அது வசையளவில் நின்றுவிடும். இவ்விதி தமிழ்ப் புனைகதைக்கும் பொருந்துமா என்பதை இனிக் காண்பாம்.

புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' 1943 ஆம் ஆண்டில் வெளிவந்தது. சென்னை வீதியிற் கடவுள் ஒரு சாதாரண மனிதரைச் சந்திக்கின்றார், காப்பி அருந்துகின்றார், அவர் வீட்டில் விருந்தாளியாகத் தங்குகின்றார். கந்தசாமிப் பிள்ளை கடவுளிடம் வரம் கேட்கவில்லை. தம் பத்திரிகைக்குச் சந்தா கேட்கின்றார். கடவுளும் மனிதரோடு கூடி வாழலாம் என்னும் ஆசையோடு வந்து, உழைத்துப் பிழைக்கவும் முயன்று, அது தமக்கு இயலாதென உணர்ந்து நீங்குகின்றார். இக்கதை நாத்திகப் பிரசாரமன்று, பத்திமைக் கதையுமன்று. கடவுளைத் தூரத்திற் பீடத்தின் மேல் வைத்து ஏசியிருந்தால் அது வசையாகியிருக்கும். பக்கத்தில் அமர்த்திக் காப்பி கொடுத்து, நண்பனாக்கி, அதன்பின் அவர் நிலையை நகையாடியமையால் அது தமிழின் தலைசிறந்த அங்கதங்களுள் ஒன்றாயிற்று. இழிவுபட்டார் எவருமின்றி, கடவுள், மனிதன், நகரம் மூன்றும் ஒருங்கே நகைக்கப்படுகின்றன. நட்பு அங்கதத்தின் கூர்மையைக் குறைப்பதில்லை, அதற்கு நீதியை வழங்குகின்றது என்பதை இக்கதை காட்டும்.

இனி நம் யாழ்ப்பாணத்திற்கு வருவாம். என். கே. ரகுநாதனின் 'நிலவிலே பேசுவோம்' என்னும் சிறுகதை, அதே பெயருடைய தொகுதியாக 1962 ஆம் ஆண்டில் வெளிவந்த நூலின் தலைக்கதையாகும். கதை மிகச் சிறியது. மதுவிலக்குக் கூட்டத்திற் பேசிவிட்டு வீடு திரும்பிய பிரமுகர் ஒருவர் இளைப்பாறி இருக்கின்றார். அவரைக் காண ஒடுக்கப்பட்ட சாதியினர் சிலர் வருகின்றனர். மேடையில் நின்று பேசிய நாவுக்கு அவர்களை வீட்டினுள்ளே வாருங்கள் என்று அழைக்க வரவில்லை. வராதீர்கள் என்று சொல்லவும் இயலவில்லை. அவர் கண்டுபிடித்த உபாயம் நிலவு. வெளியே நிலவு அழகாக இருக்கின்றதே, அங்கு அமர்ந்து பேசுவோம் என்று அவர்களை வெளியிலேயே இருத்தி விடுகின்றார்.

இக்கதையின் பொருளை உணர அக்கால யாழ்ப்பாணத்தின் வரலாற்றையும் சிறிது அறிதல் வேண்டும். 1924 ஆம் ஆண்டிற் தோன்றிய வாலிபர் காங்கிரஸ் தேச விடுதலையோடு தீண்டாமை ஒழிப்பையும் தன் குறிக்கோளாகக் கொண்டது. 1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்து தீண்டாமையையும் மதுவையும் ஒழித்தல் வேண்டும் என்று உரையாற்றினார். அவர் மொழியைக் கேட்டோர் பலர் உண்மையாகவே நெஞ்சு நெகிழ்ந்தனர். ஆயின் காலஞ் செல்லச் செல்ல, அவ்விரண்டனுள் இலகுவானதை எடுத்துக்கொண்டு அரிதானதை விட்டோர் பலராயினர். மது ஒழிப்பைப் பற்றி மேடையில் முழங்குவது எளிது. தன் வீட்டுப் படலையைத் திறந்து மனிதனை மனிதனாக உள்ளே அழைப்பது அரிது. 1957 ஆம் ஆண்டில் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் நிறைவேறிய பின்னரும், 1966 ஒக்ரோபரிற் சுன்னாகத்திலிருந்து தீண்டாமைக்கெதிரான ஊர்வலம் புறப்பட வேண்டியிருந்தது. 1968 ஆம் ஆண்டில் மாவிட்டபுரத்துக் கோயில் வாயிலிற் போராட்டம் நிகழ வேண்டியிருந்தது.

ரகுநாதனின் சிறப்பு யாதெனில், அவர் ஒரு கொடியவனைத் தம் கதைக்குத் தெரிந்தெடுக்கவில்லை. தடியெடுத்து அடிப்பவனையோ கிணற்றில் நஞ்சிடுபவனையோ அவர் காட்டவில்லை. நல்லவர் என்று பெயர் பெற்ற ஒருவரை, சீர்திருத்தவாதியை, தோழமை பேசியவரையே காட்டினார். அவர் நம்மவர், அவர் பேச்சை நம்பியே அம்மக்கள் அவர் வாயிலுக்கு வந்தனர். நம்பிக்கை இல்லாத இடத்தில் ஏமாற்றமும் இல்லை அன்றோ? அம்மக்கள் கொண்டுவந்த நம்பிக்கையே அங்கதத்தின் அடித்தளமாகும். நிலவென்பது தமிழிலக்கியத்தில் அன்பருக்கும் நண்பருக்கும் உரிய பொழுது. அந்நிலவே இங்குத் தீண்டாமையின் திரையாக அமைகின்றது. பழிகரப்பு அங்கதத்திற்கு இதனிற் சிறந்த உதாரணம் தற்காலச் சிறுகதையிற் காண்டல் அரிது. பிரமுகரின் வாயிலிருந்து ஒரு கடுஞ்சொல்லும் வரவில்லை. அவர் சொன்னவை யாவும் இனிய சொற்களே. இனிய சொல்லின் உள்ளே கிடந்த பழியை வாசகன் தானே எடுத்துக்கொள்கின்றான்.

1954 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் செல்வாக்கிலே தோன்றிய கதைகள் யாவும் இத்தரத்தனவல்ல. தோழமையின் ஒளியில் எழுந்த அவ்வியக்கம் ஈழத்திலக்கியத்திற்கு ஆற்றிய தொண்டு பெரிது. கே. டானியல், டொமினிக் ஜீவா முதலியோர் தம் வாழ்வையே எழுத்தாக்கினர். எனினும் அக்காலத்துக் கதைகள் பலவற்றில் முதலாளி என்றால் தொந்தியும், தொழிலாளி என்றால் கண்ணீரும் தவறாது வருதலைக் காண்கின்றோம். பகைவன் பகைவனாகவே தோன்றி, பகைவனாகவே பேசி மறைகின்றான். அங்கே ஆசிரியரின் கோபம் நியாயமானதே. ஆயின் வாசகன் தன்னைத்தான் நோக்க இடமில்லை. 'நிலவிலே பேசுவோம்' கதையை வாசித்த மேற்சாதி வாசகனோ, அப்பிரமுகரிடத்தே தன் முகத்தின் சாயலைக் கண்டு திடுக்கிட்டிருத்தல் வேண்டும். பகைவனைப் பழித்தல் ஊரைக் கூட்டும். நண்பனை இடித்துரைத்தல் உள்ளத்தைத் திருத்தும்.

அவ்வியக்கத்தினுள்ளும் நட்புச் சிதைந்த கதை உண்டு. டானியலோடும் ஜீவாவோடும் ஒருகாலத்தில் நெருங்கிப் பழகிய எஸ். பொன்னுத்துரை, 1960களின் முற்பகுதியில் முற்போக்கு அணியினின்றும் பிரிந்து நற்போக்கு என்னும் கொள்கையை முன்வைத்தார். தமிழ்நடையில் அவருக்கு இணையாவார் சிலரே. நடுத்தர வர்க்கத்து உத்தியோகத்தனின் ஏக்கங்களை அவர் தம் 'சடங்கு' நாவலில் நகையும் இரக்கமும் ஒருங்கு கலக்க எழுதியுள்ளார். அது அங்கதத்தின் அருகே நிற்கும் கலை. ஆனால் பிரிவின்பின் இரு சாராரும் ஒருவரையொருவர் நோக்கி எழுதிய கண்டனங்களில் கலையைவிடக் காயமே மிகுதி. அவை செம்பொருளாகிய வசையின் பாற்படும். நட்பு இருந்த இடத்தில் அது முற்றும் அற்றுப்போயின், எத்துணைப் பெரிய கலைஞர் கையிலும் அங்கதம் கூர்மழுங்கி ஏச்சாகிவிடும் என்பதற்கு அவை நமக்கோர் எச்சரிக்கை.

கடலுக்கு அப்பால், நாகர்கோவிலைக் களமாகக் கொண்டு சுந்தர ராமசாமி எழுதிய 'ஒரு புளியமரத்தின் கதை' 1966 ஆம் ஆண்டில் நூலாயிற்று. இந்நாவலின் அமைப்பு நம் ஆய்வுக்கு மிகவும் பொருந்துவது. இதன் முற்பகுதி தாமோதர ஆசான் என்னும் கதைசொல்லியையும் அவரைச் சூழ்ந்திருந்து கேட்கும் இளைஞரையும் பற்றியது. முதுமையும் இளமையும் கூடிய அச்சிறு நட்புவட்டத்தில், புளியமரமும் ஊரும் மகாராசா காலத்துக் குளமும் உயிர்பெற்று எழுகின்றன. ஆசானின் குரல் ஓய்ந்த பின் வருவது புதிய காலம். நாடு விடுதலை பெறுகின்றது. காற்றுத் தந்து நின்ற காற்றாடி மரத்தோப்பு வெட்டப்பட்டு அங்கே பூங்கா அமைக்கப்படுகின்றது. மரத்தை வெட்டிச் செடி வைப்பது எதற்கு என்று ஊரவன் வியந்து கேட்கும் இடம் நகையும் துயரும் கலந்தது. வணிகரிடை எழுந்த போட்டி நகரசபைத் தேர்தலிற் புகுகின்றது. மரத்தை வெட்டுதலா காத்தலா என்பது கட்சி விவகாரமாகின்றது. பத்திரிகையாளன் செய்தியை ஆக்குகின்றான்; மரம் தெய்வமாகின்றது; இறுதியில் நஞ்சூட்டப்பட்டு மடிகின்றது.

முற்பகுதியில் மரம் எல்லோருக்கும் நிழல் தந்தது. பிற்பகுதியில் அது எவருக்கும் நிழலன்று, வாக்குத் திரட்டும் கருவி. கூடியிருந்து கதை கேட்டல் அற்றுப்போன ஊரிற் கூட்டங்கூடிக் கோஷமிடுதல் மிஞ்சுகின்றது. முற்பகுதி நட்பு, பிற்பகுதி அங்கதம் என்று ஆசிரியர் நூலைப் பகுத்தது தற்செயலன்று. ஆசானின் கதைகளை நாமும் அவ்விளைஞரோடு இருந்து கேட்டமையால், மரத்தின் சாவு நமக்கு உறவினர் சாவாகத் தோன்றுகின்றது. முதற்பகுதி இன்றிப் பிற்பகுதியை மட்டும் வாசிப்பின், அது நகரசபை ஊழலைப் பற்றிய ஒரு கேலிச் சித்திரமாகவே எஞ்சும். சுதந்திரம் என்னும் பெருங்கனவு ஓர் ஊரின் நாற்சந்தியில் எங்ஙனம் சிறுத்தது என்பதை, தேசத் தலைவர் எவரையும் பெயர் சுட்டி ஏசாமல் ஒரு மரத்தைக்கொண்டே காட்டியமை ஆசிரியரின் ஆற்றலாகும்.

இங்ஙனம் வந்த இலக்கிய நெறி, 1980களில் நம் மண்ணில் மிகக் கடிய சோதனைக்கு உட்பட்டது. கோவிந்தன் என்னும் புனைபெயருடையார் எழுதிய 'புதியதோர் உலகம்' 1985 ஆம் ஆண்டில் வெளிவந்தது. தமிழீழ மக்கள் விடுதலைக் கழகத்தினின்றும் அவ்வாண்டில் வெளியேறித் தீப்பொறி என்னும் பெயரில் இயங்கியோர் அதனை வெளியிட்டனர். விடுதலைக் கனவோடு வீட்டைத் துறந்து கடல்கடந்து பயிற்சி முகாம் சென்ற இளைஞர், அங்கே கேள்வி கேட்ட தம் தோழர் சித்திரவதைக்கும் கொலைக்கும் உள்ளாதலைக் கண்டு அதிர்தலே அந்நாவலின் பொருளாகும். ஓர்வெல் பார்சிலோனாவிற் கண்டது இதனையே. அடுத்த ஆண்டாகிய 1986 இல், இயக்கம் இயக்கத்தை அழித்த கொடுமை யாழ்ப்பாண வீதிகளிலேயே நிகழ்ந்தது. ஒரே வகுப்பறையில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர் எதிரெதிராக நின்றனர். அவ்வாங்குகள் இருந்த கல்லூரிகளிலேயே நாமும் படித்தோம், படிப்பிக்கின்றோம். ஆகவே இந்நாவல் நமக்கு வெறும் இலக்கிய வரலாற்றுச் செய்தியன்று.

இந்நாவலை அங்கதம் என்று கூறலாமா? நடையளவில் அது அங்கதமன்று, வாக்குமூலம் போன்றது. கட்டமைப்பிலும் பாத்திர வார்ப்பிலும் அவசரத்தின் அடையாளங்கள் உண்டு. மறைந்திருந்து எழுதிய கைக்குச் செப்பஞ்செய்ய அவகாசம் இருந்திராது. ஆயின் தலைப்பை நோக்குக. புதிய உலகொன்றைச் செய்வோம் என்று பாரதிதாசன் பாடிய பாடலிலிருந்து எடுத்த தொடர் அது. கனவுற்ற இளைஞர் பலர் உணர்ச்சி பொங்கப் பாடிய பாட்டு. அத்தலைப்பின் கீழே சித்திரவதைக் கூடத்தைக் காட்டும்போது, நூல் முழுவதும் ஒரே ஒரு பெரும் பழிகரப்பாகி விடுகின்றது. வாய்விட்டுச் சிரிக்க இயலாத இடத்தில் தலைப்பு மட்டும் கசந்து நகைக்கின்றது. நண்பன் நண்பனைக் கொல்லும் எல்லையை அடைந்தபின் நகைச்சுவைக்கு இடமில்லை. அவ்வெல்லையில் அங்கதம் தன் முகமூடியைக் கழற்றி வைத்துச் சாட்சியாக நிற்கின்றது. இது அங்கதத்தின் தோல்வியன்று. அதன் முடிந்த நிலை எனலே பொருந்தும்.

இத்தகைய நூல்களை எதிர்த்து எழும் வாதம் ஒன்றுண்டு. பகைவன் வாயிலில் நிற்கும்போது வீட்டுக்குற்றத்தை வெளியே சொல்லலாமா என்பர். இவ்வாதம் நமக்கு மட்டும் உரியதன்று. 1944 ஆம் ஆண்டில் 'விலங்குப் பண்ணை'யின் கையெழுத்துப் படியைப் பதிப்பகங்கள் பல மறுத்தன. சோவியத் நாடு அப்போது பிரித்தானியாவின் போர்த்துணையாக இருந்தமை அதற்கு ஒரு காரணம். அந்நூல் வெளிவந்தபின் அதனை ஆவலோடு ஏற்றவருள் யார் என்று பாருங்கள். 1947 ஆம் ஆண்டில் ஜெர்மனியில் அகதி முகாம்களில் இருந்த உக்ரேனியருக்காக அவர் மொழியில் அது பெயர்க்கப்பட்டது. அப்பதிப்புக்கு ஓர்வெல் தாமே முன்னுரை எழுதினார். புரட்சியின் பெயரால் வீடிழந்தோரே அவ்வங்கதத்தின் உண்மையை முதலில் உணர்ந்தனர். வீட்டுக்குற்றத்தை வீட்டார் கூறாதுவிடின், அதனைப் பகைவன் கூறுவான். பகைவன் கூறும்போது அது வசையாகவே வரும், அவ்வசையில் திருந்துவார் எவருமில்லை. ஆகவே காலத்தே கூறும் நண்பனின் இடித்துரையே வீட்டைக் காப்பது.

மற்றொரு தடையும் எழுதல் கூடும். அங்கதத்திற்கு நட்பு இன்றியமையாதது என்பது எவ்வாறு பொருந்தும்? எதிர்க்கட்சியினர் மேடைகளிற் செய்யும் கேலியும் பத்திரிகைக் கேலிச்சித்திரமும் அங்கதமல்லவோ? அவை அங்கதத்தின் கருவிகளைக் கையாள்கின்றன என்பது உண்மையே. அவற்றுட் சில நாட்டுக்குப் பெருநன்மை செய்துமுள்ளன. ஆனால் அவற்றின் ஆயுள், அவை நகையாடிய மனிதரின் பதவிக் காலத்தோடு பெரும்பாலும் முடிந்துவிடுகின்றது. புதுமைப்பித்தனின் கடவுளும், ரகுநாதனின் பிரமுகரும், நாகர்கோவிலின் புளியமரமும் அவ்வாறு மறையவில்லை. நகையாடப்பட்டது ஒரு மனிதரின் பிழையன்று. நாம் எல்லோரும் கூடிக் கண்ட கனவும், அதனை நாமே கைவிட்ட விதமும் ஆகும். கனவில் ஆசிரியருக்குப் பங்குண்டு, கைவிட்டதிலும் பங்குண்டு. இப்பங்குரிமையே நட்பு.

பரீட்சைக்கு விடை எழுதும் மாணவர் நட்பு என ஒரு தலைப்பும், கனவுச் சிதைவு என ஒரு தலைப்பும், அரசியல் அங்கதம் என ஒரு தலைப்பும் இட்டுத் தனித்தனிப் பந்திகளாக எழுதிச் செல்வர். ஆசிரியராகிய நாமும் புள்ளி வழங்கும் வசதி கருதி அதனை ஊக்குவிக்கின்றோம். ஆனால் நல்ல நூல்களில் இம்மூன்றும் ஒரே உடலின் உறுப்புகள். ஒரு நூலை வாசிக்கும்போது மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்வது பயன்தரும். இங்கே யார் யாரோடு கூடிக் கனவு கண்டனர்? அக்கனவைச் சிதைத்தவர் புறத்தாரா அகத்தாரா? அதனைப் பார்த்து நகைப்பவனுக்கு அக்கனவில் என்ன பங்கு? இவ்வினாக்களுக்கு விடை தேடும் மாணவன், நூலின் உள்ளத்தைத் தானே கண்டுகொள்வான்; உரைநூலின் துணை அவனுக்கு அத்துணை வேண்டியதில்லை.

இன்று நகைப்புக்குப் பஞ்சமில்லை. ஒருவரையொருவர் இகழ்ந்து சிரிக்கும் வசதி முன்னெப்போதையும் விடப் பெருகியுள்ளது. குறைந்து வருவது உடனிருந்து இடித்துரைக்கும் உரிமை. அதனை ஒருவர்க்கொருவர் வழங்கும் மனப்பாங்கு. கூடிக் கண்ட கனவுகள் பல சிதைந்து, போர் 2009 ஆம் ஆண்டில் முடிவுற்று, சிதைவின் கணக்கை இன்னும் முற்றாக எழுதி முடிக்காத சமூகம் நம்முடையது. இக்கணக்கை எழுதப்போகும் புனைகதையாசிரியர் இன்று நம் வகுப்புகளில் இருக்கலாம். அவர் புகழ்ந்து பாடுதலும் எளிது, பழித்து ஏசுதலும் எளிது. தொண்டைமானின் கொட்டிலில் நின்று ஒளவையார் ஆற்றிய பணியினும் அரிய பணி அவருக்குக் காத்திருக்கின்றது. தம் சொந்தக் கொட்டிலில் நெய்பூசி மாலை சூட்டி வைத்த பெருமைகளின் நடுவே நின்று, நண்பராகவே அவர் நம்மை இடித்துரைத்தல் வேண்டும். அதனைப் பொறுத்துக் கேட்கும் நட்புள்ளம் வாசகராகிய நமக்கும் வாய்ப்பதாக.